தண்ணீருக்கு இரண்டு கிலோ

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆட்களை மேய்த்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில், விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, வேதம் வாசித்து, அரைமணி நேரம் ஜெபித்த பிறகே, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போவேன். அந்த ஒழுங்கு என்னைப் பரிசுத்தத்தில் வளர்க்கிறது என்று நம்பியிருந்தேன்; ஜெபம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பிந்தி வந்தவர்களை ஏசத் தொடங்குவது அந்த நம்பிக்கையை ஏனோ அசைக்கவில்லை.

கத்தோலிக்க நண்பர் ஒருவர், 16ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஒரு பழக்கத்தைச் சொல்லித் தந்தார். ஒரே ஒரு குறையைத் தெரிந்தெடுத்து, நாளுக்கு இரண்டு கோடு கீறி, அதில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைத்து, இன்றைய கோட்டை நேற்றைய கோட்டோடு ஒப்பிட வேண்டும். கணக்கப்பிள்ளைக்கென்றே செய்து வைத்த பக்தி முறை! நான் கோபத்தை எடுத்துக்கொண்டேன். பழைய செக்ரோல் (சம்பளப் பதிவேடு) தாளின் பின்பக்கத்தில் புள்ளிகள் சேர்ந்தன.

மூன்றாவது வாரத்தில்தான் கவனித்தேன்: பிரட்டில் விழுந்த புள்ளிகள் குறைந்திருந்தன, கொழுந்து நிறுக்கும் நேரத்துப் புள்ளிகளோ அப்படியே இருந்தன. மழைநாளில் ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு போடுவது வழக்கம். ஆனால் நானோ வெயில் நாளிலும் சாக்குக்கு இரண்டு கிலோ கழித்துக்கொண்டிருந்தேன். மேலிடத்தில் யாரும் அதை எழுத்தில் கேட்டதில்லை. கழித்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, அவ்வளவுதான். அப்போது எங்கள் தோட்டத்தில் முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ. 19 கிலோ பறித்தவளுக்கு 17 என்று எழுதினால் அரைப்பேர்தான் விழும். இல்லாத தண்ணீருக்காக அரைநாள் சம்பளம் போய்விடும்.

"ஐயா, வெயில்தானே அடிக்குது, எந்தத் தண்ணிக்கு ரெண்டு கிலோ?" என்று ஒருத்தி கேட்டபோது நான் கத்திய கத்தலுக்கு அன்றிரவு புள்ளி வைக்கையில் கை நின்றது. அவள் கேள்வியில் கோபப்பட எதுவுமே இல்லை. களவுக்குக் காவல் நிற்கும் நாயைப்போல் என் கோபம் அந்தத் தராசடியில் படுத்திருந்தது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழியை எத்தனை முறை வாசித்திருப்பேன். அது எங்கோ பழைய காலத்து வியாபாரிகளுக்குச் சொன்னது என்று கடந்து போயிருக்கிறேன்.

வேதத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். எனக்கோ யாருக்கு எவ்வளவு என்ற கணக்கே இல்லை. நான்தான் எழுதாமல் விட்டவன். மறுநாள் காய்ந்த கொழுந்துக்குக் கழிக்காமல் எழுதினேன். தொழிற்சாலை நிறைக்கும் என் நிறைக்கும் இடையிலிருந்த மிச்சம் காணாமற்போனதால், மேலிடத்தில் இரண்டு மாதம் பேச்சு வாங்கினேன். அந்த நாட்களில் காலை ஜெபம் நீளமாக இருக்கவில்லை. பயத்தில் வார்த்தை வராது.

தராசு முன்பெல்லாம் என் பக்கம் பார்த்து நிற்கும். அதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். கேள்வி கேட்ட அந்தப் பெண் அதன்பிறகும் என்னை நம்பிவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும்வரை குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாக்கை இறக்குவாள்.