சோளகத்துக்கு வழிவிட்ட மதில்

2022 ஓகஸ்டில் இலங்கையில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். ஏசி பூட்டுகிற யோசனையை அதோடு விட்டுவிட்டேன்.

எங்களுடையது கொங்கிறீற் தட்டு வீடு. அப்பாவின் ஓட்டு வீடு சண்டையில் உடைந்தபின், கனடாவிலிருந்து அண்ணா காசு அனுப்பி 2012இல் கட்டியது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அனலைக் கீழே விடும். ஃபான் போட்டால் சூட்டுக் காற்றுத்தான்.

முதலில் தட்டுக்கு மேலே சுண்ணாம்பு அடித்தேன். காய்ந்த தட்டில் பூசியது, ஒரே மழையில் வழிந்துபோனது. பழைய மேசன் ஐயா ஒருவர் பார்த்துச் சிரித்தார். "தட்டைக் கழுவி, ஈரம் காயமுன்னம் மெல்லிசாப் பூசு தம்பி. ஒண்டு காய்ஞ்சாப் பிறகு மற்றது." அப்படியே மூன்று தரம் பூசினோம். பிறகு மத்தியானத்திலும் வெறுங்காலோடு மேலே ஏற முடிந்தது.

ஆனாலும் புழுக்கம் தீரவில்லை. தெற்கு ஜன்னலில் ஊதுபத்தி கொளுத்தி வைத்துப் பார்த்தேன். சோளகம், அதுதான் தென்மேல் காற்று, அடிக்கிற ஆனி மாதத்திலும் புகை நேராக மேலே போனது. பக்கத்து வளவு அன்ரியின் ஆறடி மதில் மறித்துக்கொண்டு நின்றது. முந்தி அதில் தென்னோலை பின்னிய கிடுகு வேலிதான். ஆளை மறைக்கும், காற்றை முழுக்க மறிக்காது.

எல்லை வேலிக்கு வழக்காடிப் பேர்பெற்ற ஊரில், மதிலை உடையுங்கோ என்று யார் போய்க் கேட்பது? வெள்ள வாய்க்கால் துப்புரவுக்குச் சனசமூக நிலையத்தில் கூடியபோது பேச்சோடு பேச்சாகப் போட்டேன். "கள்ளன் ஏறுவான்" என்றார் அன்ரி, ஒரே சொல்லில். ஆனால் ஒழுங்கையில் இன்னும் நாலு வீட்டுக்கு இதே கதை என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. எல்லாரும் கதைத்துக் கதைத்து, மதிலின் மேல் மூன்று வரியை எடுத்துவிட்டுத் துளை வைத்த சீமெந்துக் கல் வைப்பது, செலவு காற்றுக் கேட்டவருடையது என்று முடிவானது. கல்லை அன்ரியே போய்த் தெரிந்தெடுத்தார். துளைக்குள் கையை விட்டுப் பார்த்து, போகாததை.

இப்போது ஊதுபத்திப் புகை வீட்டுக்குள் சாய்கிறது. விடியப்புறம் ஃபானை நிற்பாட்டிப் போர்வை தேடுகிறோம்.

அன்ரியின் குசினியும் அந்தப் பக்கம்தான். அவை வேதக்காரர், கிறிஸ்தவர்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் மரக்கறி. சோளகம் பொரித்த மீன் வாசத்தோடு வருகிறது.