நிக்ஸி கடிகாரம்: கட்டக் கட்ட எழுதுற குறிப்பு

ஜூன் 8, 2024, சனி

கடிகாரத்துல நம்பர் காட்டப் போற நிக்ஸி ட்யூப் ஆர்டர் போட்டாச்சு. ஐஎன்-14ங்கற சோவியத் மாடல், மொத்தம் எட்டு. மணிக்கு ரெண்டு, நிமிஷத்துக்கு ரெண்டு, செகண்டுக்கு ரெண்டு, மிச்சம் ரெண்டு ஸ்பேர். விக்கிறவர் உக்ரைன்காரர். இந்த சோவியத் ட்யூப் விக்கிறவங்கள்ல நிறைய பேர் அங்கதான் இருக்காங்க, 2022ல போர் வந்ததுக்கப்புறமும் பொறுமையா பஞ்சு சுத்தி பார்சல் கட்டி உலகம் பூரா அனுப்பிட்டேதான் இருக்காங்க, அதை நினைச்சாலே மனசு கனத்துப் போகுது. லேட் ஆகலாம்னு அவரே எழுதிட்டார். ஆகட்டும், எனக்கு அவசரம் எதுவும் இல்ல.

நிக்ஸி பாத்திராதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். 1955ல அமெரிக்காவுல பரோஸ் கம்பெனி சந்தைக்கு கொண்டுவந்த சமாச்சாரம் இது. கண்ணாடிக்குள்ள நியான் வாயு, 0லருந்து 9 வரைக்கும் பத்து நம்பரையும் மெல்லிசான உலோகத்துல செஞ்சு ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடுக்கி வச்சிருப்பாங்க, அதுக்கு முன்னாடி சன்னமா ஒரு வலை. வலைக்கு பிளஸ் குடுத்துட்டு எந்த நம்பரை மைனஸ்ல சேக்குறோமோ அதை மட்டும் சுத்தி ஆரஞ்சு வெளிச்சம் ஒட்டிக்கிட்டு நிக்கும். பல்ப் மாதிரி இழை சூடாகி எரியிற கதையே இல்ல. ஒவ்வொரு நம்பரும் வேற வேற ஆழத்துல இருக்கறதால செகண்ட் ஓடும்போது நம்பர் முன்னாடி வந்து பின்னாடி போகும், எல்இடில இதே மாதிரி செஞ்சு விக்கிறாங்க, நானும் பாத்தேன், அந்த ஆழம் அதுல எனக்குக் கிடைக்கல.

ஐஎன்-18 பாத்தா ஆசை வரத்தான் செய்யும், நம்பரே 40 மில்லிமீட்டர் உயரம். ஆனா விலை ரொம்ப அதிகம். ஐஎன்-12 மலிவு, சாக்கெட்டும் கிடைக்குது, ஆனா எனக்கு அது அவ்வளவா பிடிக்கல. ஐஎன்-14 பக்கவாட்டுல பாக்குற வகை, 18 மில்லிமீட்டர் நம்பர், மேசை மேல வச்சா அறை அந்தப்பக்கத்துலருந்து படிக்கலாம், போதும்.

இதுல எனக்கு முக்கியமா படுறது ஒண்ணு. 70கள் ஆரம்பத்துலயே எல்இடியும் விஎஃப்டிங்கற இன்னொரு வகை டிஸ்ப்ளேவும் வந்து நிக்ஸிய ஓரங்கட்டிடுச்சு, சோவியத்ல அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் செஞ்சாங்க. இன்னைக்கு செக் நாட்டுல டாலிபோர் ஃபார்னின்னு ஒருத்தர் கையாலேயே புதுசா பெரிய நிக்ஸி ஊதி செய்யிறார், மனுஷன் பெரிய வேலைக்காரர். ஐஎன்-14ஐ யாரும் செய்யிறதில்ல. இருக்கறது தீர்ந்தா தீர்ந்ததுதான். போர்டுல ரெசிஸ்டர் போனா வாங்கிக்கலாம், ஐசி போனா மாத்திக்கலாம். அதனால இந்தக் கடிகாரத்துல எந்த முடிவு எடுத்தாலும் ட்யூபுக்கு இது நல்லதான்னு கேட்டுட்டுதான் எடுக்கப் போறேன்.

ஜூன் 11, செவ்வாய் ராத்திரி

பேப்பர்ல கணக்கு. ட்யூப் பத்தறதுக்கு 170 வோல்ட் கிட்ட வேணும், பத்திக்கிச்சுன்னா அதுக்குக் குறுக்க 140 வோல்ட் மாதிரி நிக்கும். நான் 180 குடுக்கப் போறேன், மிச்சம் 40 வோல்ட் ஆனோட் (அந்த பிளஸ் வலை) ரெசிஸ்டர்ல விழணும். டேட்டாஷீட் 2.5 மில்லிஆம்ப்ங்குது, அப்படி பாத்தா 16 கிலோ ஓம். நான் 22லருந்து ஆரம்பிக்கிறேன், 1.8 மில்லிஆம்ப் வரும். கரண்ட் கம்மியானா ஆயுசு கூடும், ஆனா ரொம்ப குறைச்சாலும் தப்பு, நம்பரோட ஒரு மூலை எரியாம இருட்டா நின்னுடும், அப்புறம் அந்த இடத்துலயே அழுக்கு சேர ஆரம்பிக்கும். ட்யூப் கைக்கு வந்ததும் பாத்து முடிவு பண்ணணும்.

மல்டிப்ளெக்ஸ், அதாவது ஒரே டிரைவரை வச்சு எல்லா ட்யூபையும் மாத்தி மாத்தி எரிய வைக்கிறது, வேண்டாம்னு முடிவு. அதுல ஒவ்வொரு ட்யூபும் கொஞ்ச நேரம்தான் எரியும், வெளிச்சம் சரியா தெரியணும்னா அந்தக் கொஞ்ச நேரத்துக்கு கரண்டை ஏத்தணும். டைரக்ட் டிரைவ்னா ட்யூபுக்கு ஒரு டிரைவர் ஐசி, பாகம் அதிகம், சாலிடரிங் அதிகம், இருக்கட்டும்.

டைமுக்கு டிஎஸ்3231ங்கற கடிகார ஐசி. பழைய டிசைன்கள்ல மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸை எண்ணி மணி காட்டுவாங்க, இங்க கிரிட் ஃப்ரீக்வன்சிக்கு அனுமதிச்ச எல்லையே 49.90லருந்து 50.05 வரைக்கும், அதை நம்பினா ஒரு நாள்லயே நிமிஷக் கணக்குல தள்ளிப் போக முடியும். டிஎஸ்3231 உள்ளேயே வெப்பநிலைய அளந்து கிரிஸ்டலைத் திருத்திக்கும், பத்து லட்சத்துல ரெண்டு பங்கு பிழை, வருஷத்துக்கு ஒரு நிமிஷம். சென்னை வெயிலுக்கு இதுதான் சரி.

ஜூன் 22, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். ஞாயித்துக்கிழமைல முக்காவாசி கடை பூட்டியிருக்கும்னு இன்னைக்கே கிளம்பிட்டேன். ஹை வோல்டேஜை ஸ்விட்ச் பண்ற ஐஆர்எஃப்840 மாஸ்ஃபெட் கேட்ட கடைல எல்லாம் இருக்கு. அந்த ஸ்விட்சிங்கை நடத்துற எம்சி34063 ஐசி, நம்பரை டிரைவர் ஐசிக்குப் பிரிச்சுக் குடுக்க மூணு 74எச்சி595, எல்லாத்தையும் ஓட்ட ஆர்டுயினோ நானோ, கலர் கலரா ரெசிஸ்டர், எல்லாம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சது. இழுத்தது ரெண்டு பொருள்தான்.

ஒண்ணு டையோடு. யுஎஃப்4007 வேணும்னு கேட்டா 1என்4007 எடுத்து நீட்டுறாங்க, ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, ஆயிரம் வோல்ட்தானேங்கிறாங்க. வோல்ட் ஒண்ணுதான், வேகம் ஒண்ணு கிடையாது. யுஎஃப் 75 நானோசெகண்ட்ல அணைஞ்சிடும், சாதா 4007 மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸுக்கு செஞ்சது, 12 வோல்ட்டை 180க்கு ஏத்த பல்லாயிரம் ஹெர்ட்ஸ்ல ஸ்விட்ச் ஆகுற பூஸ்ட் சர்க்யூட்ல போட்டா சூடாகி பவரைத் தின்னுடும். கடைசில சந்துக்குள்ள இருந்த ஒரு சின்னக் கடைல கிடைச்சது.

இன்னொண்ணு இண்டக்டர். 100 மைக்ரோஹென்றின்னு கேட்டா ரெசிஸ்டர் மாதிரி கோடு போட்ட குட்டியக் குடுக்கறாங்க. இங்க ஆம்ப் கணக்குல பீக் கரண்ட் ஓடும், அது தாங்காம சாச்சுரேட் ஆயிடும், இண்டக்டரா வேலை செய்யாது. தடிமனான கம்பி சுத்தின டிரம் டைப்தான் வேணும்.

அந்தச் சின்னக் கடைல இருந்த பெரியவர், எதுக்குப்பா இதெல்லாம்னு கேட்டார். நிக்ஸின்னு சொன்னதும் முகமே மாறிடுச்சு. அந்தக் காலத்துல ஹெர்ட்ஸை எண்ணிக் காட்டுற ஃப்ரீக்வன்சி கவுண்டர் சர்வீஸ் பண்ணியிருக்காராம், வரிசையா நம்பர் எரியும், பாத்துட்டே உக்காந்திருக்கலாம்பா, அதெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்கன்னார். அரை மணி நேரம் பேசிட்டிருந்தோம்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிக்கிறேன், எனக்கு இதுல ரொம்ப அழுத்தமான கருத்து உண்டு. எச்பி 5245எல் மாதிரி ஓடுற கவுண்டரை, அனிடா மாதிரி பழைய கால்குலேட்டரை வாங்கி, ட்யூபுக்காக பிரிச்சு எறியிறவங்க இருக்காங்க. செய்யாதீங்க. அனிடா 1961ல வந்த முதல் எலெக்ட்ரானிக் மேசை கால்குலேட்டர். ஒரு கடிகாரத்துக்காக அதைக் கொல்லக் கூடாது. ஏற்கனவே செத்த மிஷின்லருந்து எடுத்தா அது வேற, அது ட்யூபைக் காப்பாத்துறது.

ஜூன் 23, ஞாயிறு

ஹை வோல்டேஜ் சப்ளை ஓடுது. 12 வோல்ட் உள்ள, 182 வோல்ட் வெளிய. எம்சி34063யோட ரெஃபரன்ஸ் 1.25 வோல்ட், 680 கிலோ ஓமும் 4.7 கிலோ ஓமும் பிரிச்சுக் குடுத்தா சரியா அங்க வந்து நிக்குது. பிரெட்போர்டுல செய்யாம நேரா வீரோ போர்டுல, இண்டக்டர், மாஸ்ஃபெட், டையோடு, கெபாசிட்டர் நாலையும் ஒட்டி ஒட்டி வச்சு சாலிடர் பண்ணினேன், அந்த வளையம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு மின் இரைச்சல் குறையும்.

வெளிய 4.7 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டருக்கு குறுக்க 470 கிலோ ஓம் ஒண்ணு நிரந்தரமா போட்டிருக்கேன். பவரைப் புடுங்கினா பத்து செகண்டுல இறங்கிடும். இது இல்லாம யாரும் செய்யாதீங்க, 180 வோல்ட் டிசி கை பட்டா சாதாரண விஷயம் இல்ல. ஓடும்போது தொட வேண்டியிருந்தா ஒரு கை பாக்கெட்ல இருக்கணும், வீட்ல குழந்தைங்க இருந்தா மூடி போடாம மேசை மேல விடவே கூடாது.

ஜூலை 9, செவ்வாய்

பார்சல் வந்தது! போஸ்ட்மேன் கிட்ட டியூட்டி கட்டி வாங்கி, ராத்திரி சாப்பிட்டுட்டுதான் பிரிச்சேன், கை நடுங்காம இருக்கணும்ல. எட்டும் முழுசா வந்திருக்கு. கண்ணாடி மேல ரஷ்ய எழுத்து, ஒயர் எல்லாம் நீளமா வெட்டாம, ஈயம் படாம பளபளன்னு. இதைத்தான் முதல்ல பாக்கணும். ஒயர் குட்டையா வெட்டி நுனில ஈயம் ஒட்டியிருந்தா அது ஏற்கனவே எங்கயோ ஓடின ட்யூப். கண்ணாடி உள்பக்கம் கருப்பா புகை படிஞ்ச மாதிரி இருந்தா நிறைய நேரம் ஓடினதுன்னு அர்த்தம், உலோகம் துளித் துளியா தெறிச்சு அங்க படிஞ்சிருக்கும். அவர் ஆறு கே155ஐடி1 ஐசியும் சேத்து அனுப்பியிருக்கார், 74141ங்கற நிக்ஸி டிரைவர் ஐசிக்கு சோவியத்ல செஞ்ச ஜோடி.

ஜூலை 13, சனி

டெஸ்ட். ரூம்ல லைட்டைப் போட்டுட்டுதான் செஞ்சேன், ரொம்ப வருஷம் பெட்டில கிடந்த ட்யூப் முழு இருட்டுல சட்டுனு பத்தாது, கொஞ்சம் வெளிச்சம் பட்டா சீக்கிரம் பத்திக்கும். ஒவ்வொரு நம்பரா மைனஸைத் தொட்டு, 0லருந்து 9 வரைக்கும், எட்டு ட்யூபுக்கும். முதல் ட்யூப்ல 3 எரிஞ்சப்ப நான் ரொம்ப நேரம் அப்படியே பாத்துட்டு இருந்தேன். நான் பொறக்கறதுக்கு முன்னாடி செஞ்சது, எரியறது இன்னைக்கு.

ஆறு ட்யூப் சுத்தம். ஒண்ணுல 8, 9 ரெண்டும் அரைகுறை, கீழ்ப்பாதி இருட்டு. இன்னொண்ணுல 5 மட்டும் மேல் கோடு எரியல. இது கேதோட் பாய்சனிங். பக்கத்து நம்பர் எரியும்போது தெறிக்கிற உலோகம் எரியாம இருக்கிற நம்பர் மேல படிஞ்சு, அந்த இடம் வாயுவைப் பத்த வைக்காது. மருந்து உண்டு, அந்த ஒரு நம்பரை மட்டும் கூடுதல் கரண்ட்ல மணிக்கணக்கா எரிய விடணும், படிஞ்சது தானா உதிர்ந்துடும். ரெண்டையும் 10 கிலோ ஓம் போட்டு 4 மில்லிஆம்ப்ல வச்சிருக்கேன், பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன்.

22 கிலோ ஓம்ல ஒரு நல்ல ட்யூபோட 7 நுனி கொஞ்சம் தயங்குது. 18 போட்டேன், 2.2 மில்லிஆம்ப், எல்லாமே முழுசா மூடுது. ஆறுக்கும் 18தான்.

ஜூலை 28, ஞாயிறு

டிரைவர் போர்டு முடிஞ்சது. ஒரு 595ல எட்டு பிட், ரெண்டு கே155ஐடி1க்கு நாலு நாலா, அதனால மூணு 595 ஆறு ட்யூபையும் கவனிச்சுக்கும். 9க்கு மேல எண் அனுப்பினா ஐசி எல்லாத்தையும் அணைச்சிடும், மணியோட முன் சைபரை மறைக்க இதுவே போதும்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் நல்ல கேள்வி கேட்டான், இந்த ஐசி அவுட்புட் 60 வோல்ட் மாதிரிதானே தாங்கும், 180 வோல்ட்ல எப்படி சாகாம இருக்குன்னு. முழு 180ஐ அது பாக்கறதே இல்ல. அணைஞ்ச நம்பரோட ஐசி கால் 60 வோல்ட் கிட்ட போய் நின்னுக்கும், அப்ப அந்த நம்பருக்கும் ஆனோடுக்கும் நடுவுல 80 சொச்சம்தான், வாயு எரியறதுக்கு அது பத்தாது. அவ்வளவுதான் சூட்சமம்.

இந்த ஐசி ஒவ்வொண்ணும் 5 வோல்ட்ல 25 மில்லிஆம்ப் வரைக்கும் இழுக்கும், ஆறுக்கு 150. 12லருந்து 5 வோல்ட் எடுக்க 7805 ரெகுலேட்டர் வச்சா ஒரு வாட்டுக்கு மேல வெறும் சூடா போகும், மூடின பெட்டிக்குள்ள அது வேண்டாம், வோல்ட்டை ஸ்விட்ச் பண்ணி இறக்குற குட்டி பக் மாட்யூல் வச்சுட்டேன்.

டிஎஸ்3231 மாட்யூல் வாங்குறவங்க கவனிங்க. நீல போர்டுல வர்ற அந்த பிரபல மாட்யூல்ல பேட்டரிய சார்ஜ் பண்ற ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் இருக்கு. சார்ஜ் ஆகாத சாதா சிஆர்2032 போட்டா அதுக்குள்ளயும் கரண்ட் ஏறும், உப்பிக்கும், வெடிக்கவும் செய்யலாம். அந்த ரெசிஸ்டரை எடுத்துட்டுதான் பேட்டரி போட்டேன்.

ட்யூபை நேரா போர்டுல சாலிடர் பண்ணல. உருண்டை ஓட்டை ஐசி சாக்கெட்லருந்து பின்களை ஒவ்வொண்ணா உருவி போர்டுல நட்டு, ட்யூப் ஒயரை அதுல சொருகினேன். ரொம்ப நேரம் புடிச்ச வேலை, ஆனா நாளைக்கு மாத்தணும்னா சாலிடரிங் இரும்பு தொடாம மாத்தலாம். ஒயரை வளைக்கும்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவுல மூக்கு பிளையர்ல புடிச்சுக்கணும், இல்லன்னா அழுத்தம் சீல்ல போய் முடி அளவு விரிசல் விழும், காத்து உள்ள போன ட்யூப் அதுக்கப்புறம் பத்தவே பத்தாது. உடைஞ்சா ட்யூப்லைட் மாதிரியே ஜாக்கிரதையா அள்ளணும், ஆயுசு நீட்டுறதுக்காக உள்ள துளி பாதரசம் சேத்த நிக்ஸி நிறைய உண்டு.

ஆகஸ்ட் 10, சனி

கடிகாரம் ஓடுது. கோலன் புள்ளிக்கு நாலு ஐஎன்எஸ்-1 நியான், 270 கிலோ ஓம் வழியா, எம்பிஎஸ்ஏ42 ட்ரான்சிஸ்டர் அணைச்சு ஏத்துது.

இந்த வாரம் பூரா யோசிச்சது எந்த ட்யூபை எங்க வைக்கிறதுன்னுதான். 24 மணி நேரக் கணக்குல மணியோட முதல் ட்யூப் ஒரு நாள்ல 0ஐ பத்து மணி நேரம், 1ஐ பத்து மணி நேரம், 2ஐ நாலு மணி நேரம் காட்டும். 3லருந்து 9 வரைக்கும் வேலையே இல்ல. நிமிஷம், செகண்ட் ரெண்டுலயும் முதல் ட்யூபுக்கு 6லருந்து 9 தேவையே படாது. 8, 9 சரியா எரியாத அந்த ட்யூப் இப்ப நிமிஷத்தோட முதல் இடத்துல, 5 குறையா இருந்தது மணியோட முதல் இடத்துல. மருந்துல ரெண்டும் பாதி தேறிடுச்சு, முழுசா தேறாட்டியும் அங்க யாருக்கும் தெரியாது. சுத்தமான ஆறுல நாலு மத்த இடத்துக்கு, ரெண்டு ஸ்பேர் பெட்டிக்கு. ஒரு நம்பர் போயிடுச்சுன்னு குப்பைல போடுறவங்க இருக்காங்க, அதுக்கும் இப்படி ஒரு இடம் இருக்கு.

எரியாத நம்பரை அப்படியே விட்டா திரும்ப அழுக்கு படியும், அதனால விடியக்காலம் 3 மணிக்கு எல்லா ட்யூபும் 0லருந்து 9 வரைக்கும் பத்து நிமிஷம் சுத்தும். அது போக ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஒரு சுத்து. ராத்திரி 11லருந்து காலைல 5 வரைக்கும் அந்தச் சுத்து தவிர மொத்தமா ஆஃப், அதுலயே எரியிற நேரத்துல கால்வாசி மிச்சம். ஆள் அசைவைக் கண்டுபிடிக்கிற பிஐஆர் சென்சார் வாங்கியிருக்கேன், ஆள் இல்லாத அறைல எரிய வேண்டாம்.

அப்பா பாத்துட்டு 12 மணி நேரக் கணக்குல மாத்திக் குடுப்பாங்கறார், 17ன்னா அவருக்கு ஒரு நொடி யோசிக்கணுமாம். மாத்தலாம், முன் சைபரை மறைச்சா முதல் ட்யூப் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், அதுவும் 1 மட்டும்தான் எரியும், ஆனா அப்ப 0, 2 ரெண்டும் சும்மா கிடக்கும், 3 மணி சுத்தை இன்னும் நீட்டணும். ஒரு சின்ன ஸ்விட்ச் வச்சு ரெண்டுமே வர்ற மாதிரி ப்ரோகிராம் எழுதிட்டிருக்கேன். அது முடிஞ்சதும் பெட்டிக்கு தேக்கு பாக்கணும், பின்னாடி காத்துக்கு ஓட்டையோட.