ஆத்துக்கு அந்தப்பக்கத்து அம்பது சென்ட்

ஜனவரி 6, சனி

டெட்ராய்ட் பக்கம் வந்து ஆறு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல ஆத்தங்கரைல நின்னு தெக்க பாத்தா கனடா தெரியும், இதை ஊர்ல சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, மேப்ப எடுத்துக் காட்டணும். அதனாலயோ என்னமோ இங்க காயின் கடைகள்ல வெளிநாட்டு வெள்ளி தட்டுல கையை விட்டா பாதிக்கு மேல கனடா காசுதான் வருது. இன்னைக்கு அதுல ஒரு அம்பது சென்ட் எடுத்தேன், 1964. ஒரு பக்கம் சின்ன வயசு எலிசபெத் ராணி, இன்னொரு பக்கம் சிங்கமும் ஒத்தைக் கொம்பு குதிரையும் கேடயத்தப் பிடிச்சிட்டு நிக்குது. வீட்டுக்கு வந்து சமையல் தராசுல வச்சா 11.6 கிராம். 80 சதவீதம் வெள்ளி, அப்போ சுத்த வெள்ளி 9.3 கிராம் கிட்ட. அதே வருஷத்து அமெரிக்க கென்னடி ஹாஃப் டாலர் 12.5 கிராம், 90 சதவீதம். இந்த வித்தியாசத்தாலதான் இங்க உள்ள கடைக்காரங்க கனடா காசை கொஞ்சம் எளக்காரமா பாக்குறாங்க, எனக்கு அது வசதியா போச்சு.

ஜனவரி 9, செவ்வாய்

ராத்திரி சாப்பிட்டுட்டு பழைய டப்பால கிடந்த கனடா காசையெல்லாம் கொட்டி ஃபிரிட்ஜ் மேக்னட்ட வச்சுப் பாத்தேன். பொண்ணுக்கு ஒரே ஆச்சரியம், சிலது டப்புனு ஒட்டிக்குது, சிலது அசையவே இல்ல. 1968ல இருந்து அம்பது சென்ட்ட நிக்கல்ல அடிச்சாங்க, அளவும் சின்னதாயிடுச்சு, நிக்கல் காந்தத்துல ஒட்டும். வெள்ளி ஒட்டாது. கடைசி வெள்ளி வருஷம் 1967, கனடாவோட நூறாவது வருஷம், அதுல அலெக்ஸ் கோல்வில்னு ஒரு கனடா ஓவியர் வரைஞ்ச ஓநாய் தலையத் தூக்கி ஊளையிடுது. நாப்பது லட்சத்துக்கு மேல அடிச்ச காசு, விலையும் கம்மிதான், ஆனா என்கிட்ட இருக்குறதுலயே அழகு எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.

ஜனவரி 20, சனி

இதைக் கொஞ்சம் நீளமா எழுதணும். இந்த சேகரிப்பு சும்மா வெள்ளிக்காகன்னு இருந்தது இன்னையோட மாறிடுச்சு.

கடைல 1947 அம்பது சென்ட் ஒண்ணு கிடைச்சது, ஆறாம் ஜார்ஜ் தலை. லென்ஸ வச்சு சுத்தி இருக்குற எழுத்தைப் படிச்சிட்டே வந்தேன், ஜியார்ஜியுஸ், ரெக்ஸ், அப்புறம் 'எட் இன்ட் இம்ப்'. லத்தீன்ல 'இந்தியாவின் பேரரசரும்'னு அர்த்தம். கனடா காசுல! எங்க தாத்தா டிரங்குப் பெட்டில இருந்த ரூபாய்ல இதே ராஜாவுக்கு 'கிங் எம்பரர்'னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும், அது நம்ம நாட்டுக் காசு, சரி. ஆனா ஒட்டாவால அடிச்ச காசுலயும் இந்தியா இருந்திருக்குன்னு இன்னைக்குத்தான் கவனிக்குறேன்.

1947 ஆகஸ்ட்ல இந்தியா சுதந்திரம் வாங்கினதும் அந்தப் பட்டத்தை காசுல இருந்து எடுக்கணும். புது அச்சுக்கான மூல வேலை லண்டன்ல நடக்கணும், அது வர தாமதமாச்சு. கனடால சில்லறைத் தேவை இருக்கு, காத்திருக்க முடியாது. அதனால 1948 பொறந்த பிறகும் 1947ன்னே போட்டு, வருஷத்துக்குப் பக்கத்துல பொடிசா ஒரு மேப்பிள் இலைய சேத்து அடிச்சாங்க, இது உண்மைல அடுத்த வருஷம் அடிச்சதுன்னு காட்டுற அடையாளம். அந்த இலை போட்ட அம்பது சென்ட் 38,433தான். புது அச்சு கைக்கு வர்றதுக்குள்ள 1948ல பல மாசம் போயிருச்சு, அதனால 1948ன்னு போட்டது அதைவிடக் கம்மி, 37,784. ராஜா அந்தப் பட்டத்தை முறைப்படி விட்டது 1948 ஜூன் 22ல.

ஒரு நாடு விடுதலை ஆனதால இன்னொரு நாட்டுக் காசு அபூர்வமாயிருக்கு. இத நெனச்சுட்டு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரல. எனக்கு மூணும் வேணும், 1947 சாதா, 1947 இலை போட்டது, 1948.

பிப்ரவரி 3, சனி

ஆன்லைன்ல வாங்கின 1948 வந்துச்சு. கவரைப் பிரிச்ச உடனே மனசு விட்டுப்போச்சு. கண்ணாடி மாதிரி மினுங்குது, சாய்ச்சுப் பாத்தா முகத்துல ஒரே திசைல மெல்லிசு மெல்லிசா கோடு. யாரோ பாலிஷ் போட்டுத் தேச்சிருக்காங்க. எழுபத்தஞ்சு வருஷ வெள்ளி ஓரத்துல கொஞ்சம் கறுத்து, நடுவுல சாம்பல் பூத்து இருக்கணும், அதைத் தேச்சு எடுத்துட்டா திரும்ப வராது. வெள்ளிக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி காசைத் தயவுசெஞ்சு தேய்க்காதீங்க, பேக்கிங் சோடா, பல்பொடி எதுவும் வேண்டாம். திருப்பி அனுப்பிட்டேன், பணம் வந்துடுச்சு. போட்டோல அந்தக் கோடு தெரியவே இல்ல, இனிமே 1948, இலை போட்டது, இந்த ரெண்டு காசையும் கைல வாங்கிப் பாக்காம வாங்கறதில்ல.

பிப்ரவரி 17, சனி

பாலம் தாண்டி கனடா பக்கம் இருக்குற வின்ட்சர் போனோம். வீட்டம்மா, "ஏங்க, ஒரு காசுக்காகவா இவ்ளோ தூரம்"னாங்க, அப்புறம் அவங்களே 'வரலையா'ன்னு பொண்ணையும் கிளப்பிட்டாங்க. அங்க ஒரு சின்ன கடை, வயசானவர், காசை எப்பவும் ஓரத்தை மட்டும் பிடிச்சு எடுக்குறாரு, அதைப் பாத்தே நம்பிக்கை வந்துச்சு. 1921 அம்பது சென்ட் பாத்திருக்கீங்களான்னு கேட்டேன், ஒரே ஒரு தடவை, கண்காட்சில, கண்ணாடிக்குப் பின்னாடின்னாரு. அந்த வருஷம் ரெண்டு லட்சத்துக்கு மேல அடிச்சும் யாரும் கேக்காததால பின்னாடி மொத்தமா உருக்கிட்டாங்க, நூறு கூட மிச்சமில்லன்னு சொல்றாங்க. எனக்கு அது வேண்டாம், என் கைக்கு எட்டாது, ஆசையும் இல்ல.

அவர்கிட்ட இலை போட்டது இருந்துச்சு. தேய்ஞ்சதுதான், ராஜா காதுக்கு மேல முடி வழவழன்னு ஆகியிருக்கு, ஆனா யாரும் தொட்டுக் கெடுக்காத சாம்பல் நிறம், 7க்குப் பக்கத்துல இலை தெளிவா இருக்கு. 7ஓட வால் நேரா இருக்குறது ஒரு வகை, வளைஞ்சது இன்னொரு வகை, இலையோட வளைஞ்ச 7 ரொம்ப அபூர்வம். இது நேர் 7. வாங்கிட்டேன். திரும்பி வரும்போது பார்டர்ல காசு வாங்கினதச் சொன்னேன், பாத்துட்டு போங்கன்னுட்டாங்க.

மார்ச் 2, சனி

காலைல அந்தப் பெரியவர்கிட்ட இருந்து போன், 1948 ஒண்ணு வந்திருக்கு, வேற யார்கிட்டயும் காட்டலன்னு. மதியமே போயிட்டு வந்துட்டேன். 160 கனடா டாலர், நல்லா புழங்கின காசு, விளிம்புல சின்ன அடி ஒண்ணு இருக்கு, தேய்க்கல.

ராத்திரி பொண்ணு லென்ஸ வாங்கி மூணையும் வரிசையா படிச்சா. மொத ரெண்டுலயும் 'இன்ட் இம்ப்' இருக்கு. மூணாவதுல 'டேய் கிராசியா ரெக்ஸ்'னு முடிஞ்சுருது, கடவுள் அருளால ராஜா, அவ்ளோதான். "அப்பா, இதுல இந்தியாவைக் காணோம்"னா. அட்டை ஹோல்டர்ல வச்சு மூணையும் பக்கத்துல பக்கத்துல போட்டுட்டு, தேதிய பின்னாடி அவளையே பென்சில்ல எழுதச் சொன்னேன்.