வாழைப்பழம் மரத்துக் கனி இல்லை

எருசலேமில் சவ்தா வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். காலையில் ஒரு வாழைப்பழத்தை உரித்து, பாதியை அவர் கையில் கொடுத்தேன். வலது கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். கடைசிச் சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது: 'அதாமா'. எபிரேயத்தில் மண். முந்தின நாள் ஆப்பிள் கொடுத்தபோது 'எட்ஸ்' என்று முடித்தது ஞாபகம் இருந்தது. எட்ஸ் என்றால் மரம்.

"வாழையும் மரம்தானே, சவ்தா?" என்று கேட்டேன். (சவ்தா என்றால் பாட்டி. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும்.)

வாயில் இருந்ததை விழுங்கும்வரை பதில் இல்லை. பிறகு கேட்டார்: "தார் வெட்டின பிறகு அந்தத் தண்டு என்ன ஆகும்?"

"அதோடு சரி. பக்கத்தில் கன்று வரும்."

"அப்புறம் அது எப்படி மரம்?"

வாழையடி வாழை என்று எத்தனையோ பேரை வாழ்த்தியிருக்கிறேன். தாய் சாய்ந்து கன்று நிமிர்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதை நான் யோசித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

யூதர்கள் எதைச் சாப்பிடும் முன்பும் ஒரு 'பிராகா', அதாவது கடவுளைப் போற்றும் ஒரு வாக்கியம், சொல்கிறார்கள். "எங்கள் தேவனாகிய கர்த்தாவே, அகிலத்தின் ராஜாவே, நீர் ஸ்தோத்திரிக்கப்பட்டவர்" என்று எல்லாம் ஒரேபோல் தொடங்கும், முடிவு மாறும். மரத்துப் பழம் என்றால் "மரத்தின் கனியைப் படைத்தவர்". காய்கறி, கிழங்கு, தரையில் விளைவது என்றால் "மண்ணின் கனியைப் படைத்தவர்". எனக்குச் சொல்லிக் காட்டும்போது மட்டும் சவ்தா கடவுள் பெயர் வரும் இடத்தில் 'ஹஷேம்' என்பார். ஹஷேம் என்றால் 'அந்தப் பெயர்'. பழம் கையில் இல்லாமல் அந்தப் பெயரை வீணாக உச்சரிக்கக் கூடாது.

எது மரம் என்பதற்குத் தால்முத் (யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பு) வைக்கும் அடையாளம் எளிமையானது: பழத்தைப் பறித்த பிறகும் கிளை நின்று, மறுபடி அதிலிருந்தே காய்த்தால் மரம். அதனால் ஆப்பிள், மாதுளை, ஆலிவ் எல்லாம் மரத்துக் கனி. அன்னாசி, தர்பூசணி, ஸ்ட்ராபெரி, தக்காளி மண்ணின் கனி. 1565-இல் வெனிஸில் அச்சேறிய யோசேப் காரோவின் சட்ட நூலான ஷுல்கான் ஆருக்கிலேயே வாழைப்பழத்துக்கு 'அதாமா' என்று இருக்கிறது. பப்பாளிக்குத்தான் பெரிய விவாதம். பாக்தாத் ரப்பி (யூத மதகுரு) யோசேப் ஹயீம், அதன் தண்டு உள்ளே குழலாக இருக்கிறது, காய் கிளையில் வராமல் தண்டிலேயே வருகிறது என்றெல்லாம் பார்த்து, மண்ணின் கனி என்று தீர்த்தார். ஒரு பழத்துக்கு என்ன சொல்வது என்று தெரிய, அதன் தண்டைப் பிளந்து பார்த்திருக்க வேண்டும்! எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்ததே இதுதான். தட்டில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, அது நின்ற இடம் தெரிய வேண்டும். காளானுக்கு இரண்டுமே கிடையாது. தரையில் முளைத்தாலும் அது மண்ணிலிருந்து ஊட்டம் எடுப்பதில்லை என்று கருதி, தண்ணீருக்கும் மீனுக்கும் சொல்கிற "எல்லாம் அவர் சொல்லால் உண்டாயின" என்பதையே சொல்கிறார்கள். அதன் பெயர் 'ஷெஹகோல்'.

தவறினால்? ஆப்பிளுக்கு 'மண்' என்று சொல்லிவிட்டால் செல்லும், மரமும் மண்ணில்தானே நிற்கிறது. வெள்ளரிக்காய்க்கு 'மரம்' என்று சொன்னால் செல்லாது, அது பொய். ஷெஹகோல் எதற்குச் சொன்னாலும் செல்லும். ஆனால் சரியானது தெரிந்திருந்தும் அதில் போய் ஒதுங்கக் கூடாது என்பார் சவ்தா.

இது நன்றி சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். சவ்தாவின் மகன் வேறு மாதிரி விளக்கினார். பைபிளின் சங்கீதப் பாடல்களில் ஒன்று "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்கிறது. இன்னொன்று "பூமியையோ மனுபுத்திரருக்குக் கொடுத்தார்" என்கிறது. சிறு வயதிலிருந்தே இரண்டும் எனக்கு மனப்பாடம். முரண்படுகின்றன என்று தோன்றியதே இல்லை. தால்முத்தில் ரப்பி லேவி இரண்டையும் எதிரெதிரே வைத்து விடை சொல்கிறார்: முதலாவது, பிராகாவுக்கு முன், இரண்டாவது, பிராகாவுக்குப் பின். கேட்கும்வரை பழம் அவருடையது, கேட்டபின் நம்முடையது. சாப்பிட்ட பிறகு நன்றி சொல்வது தனி. அதற்கு ஓர் ஆலிவ் அளவாவது உள்ளே போயிருக்க வேண்டும். முன்னால் சொல்வதற்கு அளவே கிடையாது. ஒரே ஒரு மாதுளை முத்து என்றாலும் கேட்டுவிட்டுத்தான் வாயில் போட வேண்டும்.

இரண்டாவது வருடம் சவ்தாவுக்கு விழுங்குவது சிரமமானது. மென்மையாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆப்பிளை வேகவைத்து மிக்ஸியில் அடித்து, கூழாக, கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஸ்பூனை எடுத்தார். உதடு அசைந்தது, நின்றது. மறுபடி அசைந்தது, நின்றது. ஸ்பூனை வைத்துவிட்டார். ருசி பிடிக்கவில்லை என்று நினைத்து இலவங்கப்பட்டைத் தூளைத் தூவினேன். அப்போதும் தொடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் மகன் வந்துதான் காரணம் புரிந்தது. பழம் தன் உருவத்தை முற்றிலும் இழந்தால் இன்னும் அதே பழம்தானா? பேரீச்சம்பழத்தைப் பிசைந்து மாவாக்கினாலும் மரத்துக் கனிதான் என்று காரோ எழுதியிருக்கிறார். கிராகூவ் நகரத்து மோஷே இஸர்லெஸ், ஷெஹகோல் என்போரும் உண்டு, அப்படிச் சொல்வதே நல்லது என்று சேர்த்தார். சவ்தா குடும்பம் அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய வழி யூதர்கள். அவர்களுக்கு இஸர்லெஸ் சொன்னதுதான் வழி. கூழைப் பார்த்து எதைச் சொல்வது என்று அவருக்குத் தடுமாற்றம். ஷெஹகோல் சொல்லியிருக்கலாம். ஆனால் தொண்ணூறு வயதில், தினமும் சொல்லி வந்த 'மரம்' என்ற சொல்லை என் மிக்ஸி அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டது. மறுநாளிலிருந்து முள்கரண்டியால் மட்டும் மசித்தேன். தொண்டைக்கு இதமாகவும், ஆப்பிள் என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரியும் மசிக்க ஒரு பக்குவம் உண்டு. அது கைக்கு வர ஒரு வாரம் ஆயிற்று.

யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதம் பதினைந்தாம் நாள் மரங்களுக்குப் புத்தாண்டு. அன்றைக்குத் தட்டு நிறையப் பழம் வைப்போம். எதற்கு முதலில் சொல்வது என்பதற்கும் முறை உண்டு. பைபிளின் உபாகமம் நூலில், எட்டாம் அதிகாரத்தில், நாட்டின் விளைச்சல்களை அடுக்கும் வசனம் உண்டு. எபிரேயத்தில் அதில் 'தேசம்' என்ற சொல் இரண்டு முறை, விளைச்சல்களுக்கு முன்னால் வருகிறது. அதற்கு எந்தப் பழம் நெருங்கி நிற்கிறதோ அது முந்தும். இரண்டாவது 'தேச'த்துக்கு அடுத்து ஆலிவ், அதற்கடுத்து தேன். அந்தத் தேன் பேரீச்சையின் தேன். அதனால் முதல் 'தேச'த்திலிருந்து மூன்றாவதாக நிற்கும் திராட்சையைப் பேரீச்சை முந்திவிடும். பேரீச்சையைப் பிளந்து, பூச்சி இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கையில் கொடுப்பேன். பிராகாவுக்கும் முதல் கடிக்கும் இடையில் தடங்கல் வரக் கூடாது.

இப்போது 'ஷெசெக்' காலம், ஆங்கிலத்தில் லோக்வாட் என்கிற மஞ்சள் பழம். முற்றத்தில் ஒரு மரம் நிற்கிறது. சவ்தாவால் மாடியிலிருந்து இறங்க முடியாது. அதனால் பறித்து வந்ததும் மரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும்: எந்தக் கிளையில் காய்ப்பு அதிகம், எத்தனையைக் குருவி கொத்தியிருக்கிறது. அதைக் கேட்காமல் தொடங்க மாட்டார். நேற்று வருடத்தின் முதல் பழம். தோலுரித்து, வழவழப்பான பழுப்பு விதைகளை எடுத்துவிட்டு, லேசாக மசித்துக் கொடுத்தேன். நடுங்குகிற வலது கையை என் கையால் தாங்கிக்கொண்டேன். புதுப் பழத்துக்கு இன்னொரு பிராகாவும் உண்டு: "எங்களை உயிரோடு வைத்து, தாங்கி, இந்தக் காலம்வரை கொண்டுவந்து சேர்த்தவர்." இரண்டையும் சொன்னார். நான் ஆமென் சொன்னேன்.

விழுங்க நேரமாயிற்று. விழுங்கியபின் கேட்டார்: "மரத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?"