பாலும் பாப்கார்னும் ஒரே டம்ளரில்

என் மகளுக்கு எட்டு வயது. ஆங்கிலக் குழந்தை நூல் ஒன்றை மடியில் விரித்து, அதை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போவது எங்கள் வீட்டின் இரவு வழக்கம். இந்தக் கோடையில் மக்காச்சோளமும் பாப்கார்னும் வருகிற மூன்று நூல்களை அடுத்தடுத்துப் படித்தோம். படித்ததையெல்லாம் அடுப்பில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், ஒவ்வொரு நூலும் முடிய வழக்கத்தைவிட அதிக நாள் ஆயிற்று.

முதலாவது, டோமி டி பாவ்லா 1978இல் எழுதிப் படமும் வரைந்த ‘தி பாப்கார்ன் புக்’. ஒரு சிறுவன் பாப்கார்ன் பொரிக்க, இன்னொருவன் அதைப் பற்றிய செய்திகளைப் படித்துச் சொல்கிறான். பொரிக்கும் சோளத்தை ஏன் ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள் என்ற கேள்வியில் அவர்களின் பேச்சு தொடங்குகிறது. எளிய கேள்விதான், ஆனால் அதற்குள்தான் முழு இரகசியமும் இருக்கிறது. நன்றாகப் பொரியும் ஒரு முத்துக்குள் ஏறத்தாழ 14 சதவீதம் ஈரம் இருக்கும். சூடு 180 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தத்துடன் முட்ட, கெட்டியான தோல் வெடித்து, கூழாக இளகியிருந்த மாவுச்சத்து நுரைபோல் விரிந்து அப்படியே உறைந்துவிடுகிறது. ஈரம் வற்றினால் பொரியாது என்பதைச் சோதிக்க, ஒரு கைப்பிடி முத்துகளை மாடியில் நான்கு நாள் வெயிலில் காயவைத்து, பிறகு வாணலியில் போட்டு மூடினோம். பாதிக்கு மேல் கருகி, அடியிலேயே கிடந்தன.

இரண்டாவது, அலிகி 1976இல் வெளியிட்ட ‘கார்ன் இஸ் மெய்ஸ்’. இதைத் தமிழில் சொல்வதில் எனக்கு இரண்டு தொல்லைகள். சோளம் என்றால் எங்கள் ஊரில் அது வேறு தானியம். ஆகவே ஒவ்வொரு வரியிலும் ‘மக்கா’வைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, நூலின் துணைத் தலைப்பு அதை ‘இந்தியர்களின் கொடை’ என்று சொல்வது. “நாமா கொடுத்தோம்?” என்று மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொலம்பஸ் செய்த பிழையால் அமெரிக்கத் தொல்குடி மக்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது என்பதையும், மெக்சிகோவில் தியோசின்டே என்ற புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அவர்களின் முன்னோர் உருவாக்கிய பயிர் கடல் கடந்துதான் நம்மிடம் வந்தது என்பதையும் விளக்கி முடிப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

நாங்கள் அதிக நாள் தங்கியது மூன்றாவது நூலில்தான். லாரா இங்கல்ஸ் வைல்டர் 1933இல் எழுதிய ‘ஃபார்மர் பாய்’ பாப்கார்ன் நூல் அன்று; நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் ஒரு பண்ணையில் வளரும் அல்மான்சோ என்ற சிறுவனின் கதை. ஆனால் ஒரு குளிர்கால மாலையில் அவன் பாப்கார்னைக் கொறித்தபடி யோசிக்கும் பகுதியில், தவறான செய்தி ஒன்றும் சரியான செய்தி ஒன்றும் அருகருகே வருகின்றன.

தவறானது, அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் அறுவடைக்குப் பின் வைத்த முதல் நன்றியறிதல் (தாங்க்ஸ்கிவிங்) விருந்துக்குத் தொல்குடியினர் ஒரு பை நிறையப் பாப்கார்ன் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்கள் என்பது. 1621இல் பிளிமத்தில் நடந்த அந்த விருந்தை நேரில் கண்ட, குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதத்தில் பறவைகள் உண்டு, மூன்று நாள் தங்கிய ஏறத்தாழ 90 விருந்தாளிகள் உண்டு, அவர்கள் வேட்டையாடித் தந்த ஐந்து மான்கள்கூட உண்டு, பாப்கார்ன் இல்லை. அந்தப் பகுதியில் விளைந்த கெட்டி மக்காச்சோளம் சரியாகப் பொரிகிற வகையும் அன்று. ஜேன் குட்வின் ஆஸ்டின் 1889இல் எழுதிய ஒரு நாவல் வழியாகத்தான் இந்தக் கதை பரவியது. ஆனாலும் வைல்டரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. வெண்ணெயும் உப்பும் இல்லாமல், தோல் பையில் தூக்கிவந்த பாப்கார்ன் ஆறிப்போய்ச் சவசவவென்றுதான் இருந்திருக்கும் என்று அல்மான்சோவே முகம் சுளிக்கிறான். பாப்கார்ன் தின்றுபார்த்த பிள்ளைக்கு வரவேண்டிய சந்தேகம்தான் அது.

சரியானது இது: ஒரு டம்ளர் நிறையப் பாலும், அதே அளவுள்ள இன்னொரு டம்ளர் நிறையப் பாப்கார்னும் எடுத்துக்கொண்டு, பாப்கார்னை ஒவ்வொன்றாகப் பாலில் போட்டால், எல்லாம் உள்ளே போன பிறகும் பால் வழியாது. முதல் முறை மகள் அவசரப்பட்டுப் பிடிப்பிடியாகக் கொட்டியதில் தோற்றோம். மறுநாள் ஒவ்வொன்றாகப் போட்டு, அது நனைந்து சுருங்கும்வரை காத்திருந்து அடுத்ததைப் போட்டோம். பாப்கார்னில் பெரும்பகுதி காற்றுதான். ஊறியதும் காற்று வெளியேறி, அந்த இடத்தில் பால் புகுந்துகொள்கிறது. கடைசிப் பொரியும் உள்ளே போனபோது விளிம்பில் பால் குமிழாகத் ததும்பி நின்றதே தவிர, ஒரு சொட்டும் வழியவில்லை.

ரொட்டியைப் போட்டால் இப்படி நடக்காது என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதை மட்டும் அப்படியே நம்பிவிடலாம் என்று சொல்லிப்பார்த்தேன். அவள் அதற்குள் ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கியிருந்தாள். நான் மேசையில் விரிக்கப் பழைய துணி தேடிப் போனேன்.