ரகசியத் தடையும் எங்கள் ஊரும்

ட்விட்டரில் எழுதிய சில வரிகளுக்காகப் புதுச்சேரி வணிகர் ஒருவர் 2012 அக்டோபரில் கைது செய்யப்பட்டதை எங்கள் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கைதுக்கு வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தபோது நானும் மகிழ்ந்தேன், ஆனால், இணையப் பக்கங்களைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவு செல்லும் என்று அதே தீர்ப்பு கூறியதைக் கவனிக்கத் தவறினேன் (மகிழ்ச்சியில் முழுத் தீர்ப்பையும் யார் படித்தோம்?). நாட்டின் பாதுகாப்புக்காகத் தடுப்பதை நான் எதிர்க்கவில்லை. என் அச்சமெல்லாம், ஒரு பக்கத்தைத் தடுக்கக் கோரும் புகாரையும் அதன்மீதான நடவடிக்கையையும் ரகசியமாகக் காக்கச் சொல்லும், 69ஏ பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட 2009ஆம் ஆண்டு விதிகளின் 16ஆவது விதியைப் பற்றியதே. தடுப்பதற்கான காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டமே சொன்னாலும், அந்த எழுத்தைக் காணாத வாசகன் எதைக் காட்டி வழக்குத் தொடுப்பான்?