செட்டிநாட்டுக்குச் சம்பந்தமில்லாத யம்மசெட்டி

கேசரோல் என்றால் எனக்குச் சப்பாத்தி ஆறாமல் வைக்கிற டப்பாதான். என் கல்யாணத்துக்கு மூன்று பேர் அதையே கொடுத்தார்கள், ஒன்று இன்னும் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. அமெரிக்காவில் கேசரோல் என்பது தின்கிற பொருள் என்று ஒஹையோவில் தம்பி வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அகலமான தட்டத்தில் கறியையும் நூடுல்ஸையும் சாஸையும் அடுக்கி, மேலே சீஸ் போட்டு ஓவனில் வேகவைத்து, அந்தத் தட்டத்தோடே மேசைக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

தம்பி இருப்பது கொலம்பஸில். அங்கிருந்து வடகிழக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் காரில் போனால் ஹோம்ஸ் கவுன்டி வருகிறது. அமிஷ் என்பவர்கள் கார், வீட்டு மின்சாரம் எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பழைய எளிமையோடு வாழ்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அவர்கள் நெருக்கமாக வாழும் இடம் இது, அந்தக் கவுன்டியின் ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதி அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன், "அக்கா, அன்னைக்கு ஒரு கடையும் திறந்திருக்காது" என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டான்.

மேடும் பள்ளமுமான சாலை, அறுவடை முடிந்து காய்ந்து நிற்கிற சோளத்தட்டைகள், ஓரத்தில் குதிரைச் சாணம். கறுப்புக் கூண்டு வண்டிகள் டக்டக்கென்று போகின்றன, பெரும்பாலானவற்றின் பின்னால் மெதுவாகப் போகும் வண்டி என்பதற்கான ஆரஞ்சு முக்கோணம் இருக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை, வெறும் சாம்பல் நிற ஒளிர்பட்டைதான். இன்னும் கட்டுப்பாடான ஒரு பிரிவினர் அந்த ஆரஞ்சு நிறமே ஆடம்பரம் என்று மறுத்துவிட்டார்களாம். மில்லர்ஸ்பர்க் வால்மார்ட்டில் குதிரை வண்டி நிறுத்தத் தனிக் கொட்டகையே இருக்கிறது. நான் அதைத்தான் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து ஒரு அம்மா வண்டி நிறையச் சாமான் தள்ளிக்கொண்டு வந்தார், அதில் பாதி டின் சூப். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

இங்கே சில அமிஷ் குடும்பங்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீட்டிலேயே சாப்பாடு போடுகிறார்கள். சொல்லிவைப்பதுதான் பாடு. வீட்டுக்குள் போன் கிடையாது, பாதையோரம் ஒரு சின்ன மரக்குடிலில் இருக்கிறது. தம்பி அதில் செய்தி விட்டு, மறுநாள் அவர்கள் திருப்பிக் கூப்பிட்டு, அப்படித்தான் இடம் கிடைத்தது.

சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. வீட்டுக்கார அம்மா என்னைச் சமையலறைக்குள் விட்டார். மின்சாரம் இல்லையே தவிர ஒரு குறையும் இல்லாத சமையலறை. அடுப்பு, ஓவன், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் கேஸில் ஓடுகின்றன. விளக்குகூடச் சக்கரம் வைத்த மரப்பெட்டிக்குள் சிலிண்டரை ஒளித்துவைத்து எரிகிறது, உஸ்ஸென்று ஒரே சத்தம், கொஞ்ச நேரத்தில் அது காதில் விழாமலே போய்விடுகிறது. அவர் மகளிடம் ஏதோ சொன்னார், அது பென்சில்வேனியா டச்சு. பெயரில்தான் டச்சு, உண்மையில் ஜெர்மன் மொழியின் ஒரு வட்டார வழக்கு. பிறகு என்னைக் காட்டி 'இங்கிலீஷ்' என்றார். அமிஷ் அல்லாத எவரும் அவர்களுக்கு இங்கிலீஷ்காரர்தான். என் கறுப்புத் தோலோடும் மல்லிகைப்பூ ஹேர்கிளிப்போடும் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் இங்கிலீஷ்காரி ஆனேன்.

அன்றைய சமையலுக்குப் பெயர் யம்மசெட்டி. தம்பி உடனே காரைக்குடியா என்றான். கொலம்பஸில் 1896-ல் தெரசா மார்ஜெட்டி என்ற இத்தாலியப் பெண்மணி தொடங்கிய உணவகம் ஒன்று இருந்தது. கொத்துக்கறி, பாஸ்தா, தக்காளி, சீஸ் சேர்த்துச் செய்கிற 'ஜானி மார்ஜெட்டி' என்ற கேசரோல் அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள், ஒஹையோ பள்ளிக்கூடச் சாப்பாட்டில் அது ரொம்பப் பிரசித்தம். இந்தச் செட்டி அந்த மார்ஜெட்டியின் வால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் ஏதோ 1693-ல் அமிஷ் பிரிவுக்குப் பெயர் கொடுத்த யாக்கோப் அம்மான் பிரிந்து வந்த காலத்திலிருந்து கைமாறி வந்த பலகாரத்தைப் பார்க்கப்போகிறேன் என்று நோட்டும் பேனாவுமாக நின்றேன். அந்த அம்மா டின் ஓப்பனரை எடுத்தார். ஒரு தக்காளி சூப், ஒரு சிக்கன் கிரீம் சூப், இன்னொரு தக்காளி, இன்னொரு சிக்கன் என்று வரிசையாகத் திறந்தார். என் முகம் விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "இருபது பேருக்குச் சாப்பாடு, நாளைக்குத் துணி தைக்கணும், தோட்டமும் இருக்கு. வெள்ளை சாஸ் கிண்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தார். சரிதானே. எளிமை என்றால் எல்லாவற்றையும் கையால் அரைக்க வேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் நூடுல்ஸை மட்டும் டின்னிலிருந்து எடுக்கவில்லை. முந்தின நாளே முட்டை மஞ்சள் கருவில் மைதாவைப் பிசைந்து, மேசை தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, துணிமேல் காயவைத்து, விரல் அகலத்துக்கு நறுக்கி வைத்திருந்தார். நல்ல மஞ்சள். ஒன்றைக் கையில் எடுத்தேன், அப்பளம் மாதிரி சொரசொரப்பு, ஓரம் வளைந்திருந்தது. தண்ணீர் ஊற்றவே இல்லையாம், கரு மட்டும்தான். வெள்ளைக்கரு? அது கேக்குக்குப் போய்விட்டது.

மேசையில் உட்கார்ந்ததும் பசியில் கரண்டியைத் தூக்கிவிட்டேன். தம்பி காலை மிதித்தான். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள், ஒரு வார்த்தை இல்லை, ஜெபம் மௌனமாகவே நடக்கிறது. வீட்டுக்காரர் லேசாகத் தொண்டையைக் கனைத்ததும் பாத்திரங்கள் நகர ஆரம்பித்தன. நான் போட்டோ எடுக்கவில்லை. முகம் காட்டிப் படம் எடுத்துக்கொள்வது அவர்களுக்குப் பிடிக்காது, சாப்பாட்டை மட்டும் எடுக்கவும் ஏனோ கை போகவில்லை.

ருசி? முதல் வாய்க்குச் சப்பென்று இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பச்சை மிளகாய் ஒன்றே ஒன்று கிடைக்காதா என்று மனசு தேடியது. மூன்றாவது வாயில் அடிப்பகுதி வந்தது, தக்காளியில் ஊறிய கறி, லேசான இனிப்பு, கரு மணக்கும் நூடுல்ஸ், ஓரத்தில் முறுகிப்போன சீஸ். இரண்டாவது தடவை நானாகவே தட்டை நீட்டினேன்.

திரும்பும் வழியில், அமிஷ்காரர்கள் நடத்துகிற மொத்தச் சாமான் கடையில் கண்ணாடிப் பையில் கட்டிய முட்டை நூடுல்ஸ் இரண்டு பொட்டலம் வாங்கினேன். கூரைக் கண்ணாடி வழியே வருகிற வெளிச்சத்தில்தான் அந்தக் கடை நடக்கிறது.

மறுநாள் தம்பி வீட்டில் செய்தேன். மாட்டுக் கொத்துக்கறி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு பெரிய வெங்காயத்தோடு எண்ணெய் விடாமல் வதக்க வேண்டும், கறியின் கொழுப்பே போதும். தண்ணீர் சுண்டிச் சட்டியில் சடசடவென்று சத்தம் வரும்வரை விடுங்கள், பாதியில் அணைத்தால் வேகவைத்த கறி வாசம்தான் வரும். அதில் உப்பு, மிளகுத்தூள், ஒரு டின் தக்காளி சூப், ஒரு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை. இன்னொரு பக்கம் 350 கிராம் நூடுல்ஸை வேகவைத்து, ஒரு டின் சிக்கன் கிரீம் சூப்பும் ஒரு கப் பாலும் கலந்து பிசிற வேண்டும். 9-க்கு 13 அங்குலத் தட்டத்தில் கீழே கறி, மேலே நூடுல்ஸ், அதற்கு மேல் கால் கிலோ சீஸ். 350 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 175 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம்.

முதல் தடவை நூடுல்ஸைப் பூப்போல வேகவிட்டேன். ஓவனில் இன்னும் வெந்து, தட்டத்தில் களி மாதிரி நின்றது. கரண்டியை நட்டால் சாயவில்லை. தம்பி பையன் அதைக் கட் பண்ணித்தான் சாப்பிட்டான். இரண்டாவது தடவை நடுவில் கொஞ்சம் கடிபடும்போதே வடித்துவிட்டேன், நாலு பச்சை மிளகாயையும் கறியில் போட்டேன், அந்த அம்மா மன்னிக்கட்டும்.

மூன்றாம் தடவைக்கு என்று அரைப் பொட்டலம் எடுத்து வைத்திருந்தேன். ஞாயிறு காலை எழுந்து வந்தால் அடுப்படியில் கடுகு வெடிக்கிற சத்தம். தம்பி அதில் கறிவேப்பிலை தாளித்து உப்புமா கிண்டிக்கொண்டிருக்கிறான்.